நரம்பில் ஓடுவது மின்சாரமா? நரம்பணுக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் பாடத்தில் நரம்பு மண்டலத்துக்கு வரும்போதெல்லாம் மாணவர்களிடமிருந்து கேள்விகள் குவியும். பெற்றோர்களும் கேட்பார்கள். அவர்களுடைய கேள்விகள் பெரும்பாலும் மருத்துவமனை வாசலிலிருந்து வருபவை. இரண்டு வகையையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிகிறதே, அதுதானே நரம்பு?

இல்லை. அது இரத்தம் ஓடும் சிரை. யாழின் தந்தியையும் நரம்பு என்றோம், வெற்றிலையின் கோட்டையும் நரம்பு என்றோம். நீளமாக, இழையாக இருக்கும் எல்லாவற்றுக்கும் தமிழில் இந்த ஒரே சொல்லைப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். மருத்துவமனையில் ‘நரம்பு ஊசி’ என்று சொல்வது சிரையில் போடும் ஊசியைத்தான். கழுத்துச் சுளுக்கை ‘நரம்பு பிசகிவிட்டது’ என்கிறோம். அங்கே பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருப்பது தசை.

உண்மையான நரம்பு வெண்ணிறக் கயிறு போன்றது. அதை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் இருக்கும். ஒவ்வோர் இழையும் ஒரு நரம்பணுவின், அதாவது நியூரானின், நீண்ட வால். அந்த வாலுக்கு ஆக்சான் என்று பெயர். நியூரானின் உடல் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் முதுகுத்தண்டின் அருகிலிருந்து கால் கட்டைவிரல் வரை செல்லும் ஆக்சான் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். செல் உடலைச் சுற்றிக் கிளை கிளையாக இருப்பவை டெண்ட்ரைட்டுகள். செய்தி வாங்குவது பெரும்பாலும் அவற்றின் வேலை. மனித மூளையில் மட்டும் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன.

நரம்பில் ஓடுவது வீட்டு மின்கம்பியில் ஓடும் அதே மின்சாரமா?

இந்த ஒரு கேள்விக்கு விடை பிடிபட்டுவிட்டால் மற்றவை தானாகப் பிடிபடும். அதனால் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் கம்பியின் நீளத்தில் நகர்கின்றன. ஆக்சானை அப்படி ஒரு கம்பியாகப் பயன்படுத்த முயன்றால் அது படுமோசமான கம்பி. உள்ளே உப்புநீர், சுற்றிலும் கசியும் சவ்வு, வெளியேயும் உப்புநீர். ஒரு முனையில் கொடுத்த மின் மாற்றம் சில மில்லிமீட்டருக்குள்ளேயே தேய்ந்துவிடும். கால் விரல் வரை போகவே போகாது.

எனவே நரம்பு வேறு வழியைக் கையாள்கிறது. தீபாவளிச் சரவெடியை நினைத்துப் பாருங்கள். முதல் வெடியின் நெருப்பு இரண்டாவதைப் பற்றவைக்கிறது, இரண்டாவது மூன்றாவதை. சரத்தின் கடைசி வெடிக்கும் முதல் வெடிக்கும் ஓசையில் வேறுபாடு இல்லை. ஏனென்றால் ஒவ்வொரு வெடியும் தன் மருந்தில் வெடிக்கிறது. நரம்புத் துடிப்பும் இப்படித்தான் ஆக்சானின் ஒவ்வோர் இடத்திலும் புதிதாகப் பிறக்கிறது. அயனிகள், அதாவது மின்னேற்றம் கொண்ட அணுக்கள், ஆக்சானின் நெடுகே பயணம் செய்வதில்லை. சவ்வின் குறுக்கே உள்ளே வருகின்றன, வெளியே போகின்றன. நெடுகே பயணம் செய்வது அந்த நிகழ்வு மட்டுமே. சரவெடியிலிருந்து ஒரே ஒரு வேறுபாடு: வெடித்த இடம் ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள் மறுபடி வெடிக்கத் தயாராகிவிடும்.

சும்மா இருக்கும்போது நியூரானில் என்ன நடக்கிறது?

சும்மா இருப்பதற்கே அது பாடுபடுகிறது. நியூரானின் வெளியே சோடியம் அயனிகள் உள்ளே இருப்பதைப்போல் பத்து மடங்குக்கு மேல். உள்ளே பொட்டாசியம் அயனிகள் வெளியே இருப்பதைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பது சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் இந்தப் பம்பை 1957இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ நண்டின் கால் நரம்புகளைக் கொண்டு ஆராய்ந்து அறிவித்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

சவ்வில் பொட்டாசியம் மட்டும் மெல்லக் கசிய வழி இருக்கிறது. நேர்மின்னேற்றம் கொண்ட பொட்டாசியம் கொஞ்சம் வெளியே கசிவதால் உட்பக்கம் எதிர்மின்னாகிறது. அளந்தால் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். இதுதான் ஓய்வுநிலை மின்னழுத்தம். எழுபது மில்லிவோல்ட் என்றால் அற்பம் என்று தோன்றும். ஆனால் அந்தச் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் என்ற விகிதத்தில் மின்புலம் அங்கே நிற்கிறது. அமைதியாகத் தெரியும் ஒவ்வொரு நியூரானும் நிரம்பிய ஏரியின் மதகு போலக் காத்திருக்கிறது. உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதன் பெரிய காரணம் இந்தப் பம்புகள்.

அப்படியானால் துடிப்பு எப்படித் தொடங்குகிறது?

ஏதோ ஒரு தூண்டலால் உட்பக்க மின்னழுத்தம் மைனஸ் 70இலிருந்து மைனஸ் 55 அளவுக்கு ஏறினால் போதும். சவ்வில் இருக்கும் சோடியம் வாயில்கள் மின்னழுத்தத்தை உணரும் புரதங்கள். அவை திறக்கின்றன, சோடியம் உள்ளே பாய்கிறது, மின்னழுத்தம் இன்னும் ஏறுகிறது, அதனால் மேலும் வாயில்கள் திறக்கின்றன. கண்ணிமைப்பதைவிடப் பல மடங்கு குறைந்த நேரத்தில் உட்பக்கம் பிளஸ் 30 மில்லிவோல்ட்டைத் தாண்டிவிடும். உடனே சோடியம் வாயில்கள் தம்மைத் தாமே அடைத்துக்கொள்கின்றன. சற்றுத் தாமதமாகத் திறக்கும் பொட்டாசியம் வாயில்கள் வழியே பொட்டாசியம் வெளியேற, மின்னழுத்தம் பழைய நிலைக்கு இறங்குகிறது. எல்லாம் ஓரிரு மில்லிநொடிகளில் முடிந்துவிடும். பாடநூலில் செயல்நிலை மின்னழுத்தம் என்று படிப்பது இதைத்தான்.

தேர்வுத்தாள்களில் திரும்பத் திரும்ப நான் பார்க்கும் ஒரு பிழை: ‘சோடியம் பொட்டாசியம் பம்ப் மின்னழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது’ என்று எழுதுகிறார்கள். துடிப்பு இறங்குவதில் பம்புக்குப் பங்கே இல்லை என்று சொல்லலாம். ஒரு துடிப்பின்போது உள்ளே வரும் சோடியம் மிகச் சொற்பம். பம்பை நஞ்சிட்டு நிறுத்திவிட்டாலும் ஒரு பெரிய ஆக்சான் ஆயிரக்கணக்கான முறை துடிக்கும். பம்ப் ஏரியை நிரப்புவது. மதகைத் திறந்து மூடுவது வேறு ஆட்கள்.

இவ்வளவு நுண்ணிய நிகழ்வை எப்படி அளந்தார்கள்?

கணவாய் உதவியது. நம் மீனவர்கள் ஊசிக் கணவாய் என்று சொல்லும் இனத்தின் உறவினங்களில், ஆபத்து வந்தால் உடல் தசை முழுவதையும் ஒரே நேரத்தில் சுருக்கி நீரைப் பீய்ச்சித் தப்புவதற்கென்றே ஒரு மாபெரும் ஆக்சான் இருக்கிறது. அதன் விட்டம் அரை மில்லிமீட்டர், சிலவற்றில் அதற்கும் மேல். வெறும் கண்ணால் பார்க்கலாம். 1930களில் ஜே. இசட். யங் அதை ஆராய்ச்சியாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

1939 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வுக்கூடத்தில் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இரண்டு இளைஞர்கள் அந்த ஆக்சானுக்குள் ஒரு மெல்லிய மின்முனையை நெடுகே செலுத்தினார்கள். துடிப்பின்போது உள்ளிருக்கும் எதிர்மின் சுழியமாகிவிடும், அவ்வளவுதான் என்பது அதுவரை இருந்த கருத்து. கருவி காட்டியது வேறு: மின்னழுத்தம் சுழியத்தைத் தாண்டி நேர்மின்னாக எகிறியது. சில வாரங்களில் உலகப்போர் மூண்டது. ஒருவர் ரேடார் பணிக்கும் மற்றவர் பீரங்கிக் கணக்குகளுக்கும் போய்விட்டார்கள்.

போருக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். சோடியமும் பொட்டாசியமும் எப்போது, எவ்வளவு ஓடுகின்றன என்று பிரித்து அளந்து, அவற்றைச் சமன்பாடுகளாக்கி 1952இல் வெளியிட்டார்கள். கேம்பிரிட்ஜின் கணினி அப்போது மாற்றியமைப்புக்காக நிறுத்தப்பட்டிருந்ததால், ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்குப்பொறியைக் கொண்டு வாரக்கணக்கில் அந்தச் சமன்பாடுகளைத் தீர்த்தார். துடிப்பு நொடிக்கு 18.8 மீட்டர் வேகத்தில் பரவ வேண்டும் என்றது கணக்கு. உண்மையான ஆக்சானில் அளந்தது 21.2. இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. வாயில்கள் என்ற புரதங்களை அன்று எவரும் பார்த்ததில்லை. மின்னோட்டத்தை மட்டும் வைத்து, அவை எப்படித் திறந்து மூட வேண்டும் என்று இருவரும் கணித்துவிட்டார்கள். 1963இல் ஜான் எக்கில்ஸுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள். ஒற்றை வாயிலின் மின்னோட்டத்தை எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் பதிவுசெய்தது 1976இல்தான்.

வலி அதிகமானால் துடிப்பும் பெரிதாகுமா?

ஆகாது. மைனஸ் 55 என்ற எல்லையைத் தாண்டினால் முழுத் துடிப்பு, தாண்டாவிட்டால் ஒன்றுமில்லை. மெல்லத் தொட்டாலும் அழுத்திக் கிள்ளினாலும் ஓர் ஆக்சானில் துடிப்பின் உயரம் ஒன்றே. மாறுவது எண்ணிக்கை. மென்மையான தொடுதலுக்கு நொடிக்குச் சில துடிப்புகள் என்றால் பலமான அழுத்தத்துக்கு நூற்றுக்கும் மேல் போகலாம். கூடுதலான ஆக்சான்களும் சேர்ந்துகொள்ளும். 1920களில் இதைக் காட்டிய எட்கர் ஏட்ரியன், 1932இல் சார்லஸ் ஷெரிங்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இன்னொன்றும் உண்டு. கண்ணிலிருந்து வரும் துடிப்பும் காதிலிருந்து வரும் துடிப்பும் பார்வைக்கு ஒன்றுதான். எந்த நரம்பின் வழியே வந்தது என்பதை வைத்தே மூளை ஒன்றை ஒளியாகவும் மற்றொன்றை ஒலியாகவும் உணர்கிறது. மூடிய கண்ணை மெல்ல அழுத்தினால் இருட்டிலும் வெளிச்சப் புள்ளிகள் தெரிவது அதனால்தான்.

நரம்புச் செய்தி எவ்வளவு வேகம்?

ஒரே விடை இல்லை. கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்ட அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். இடித்தது முதலில் தெரியும். சுருக்கென்ற வலி உடனே வரும். ‘ஐயோ, இப்போது வலிக்கப்போகிறது’ என்று நினைக்க நேரம் இருக்கும். பிறகு அந்த ஆழமான, எரிகிற வலி வந்து சேரும். தொடுதலைச் சுமக்கும் தடித்த இழைகள் நொடிக்கு ஐம்பது மீட்டருக்கு மேல் ஓடுகின்றன. எரியும் வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர், அதாவது நிதானமாக நடக்கும் வேகம். காலிலிருந்து முதுகுத்தண்டு ஒரு மீட்டர். கணக்கு உங்கள் உடம்பிலேயே இருக்கிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஆக்சானின் தடிமனும் அதைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையும். வாழை மட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றியிருப்பதுபோல் மயலின் அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கும். இடையிடையே, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு ஒருமுறை, சிறு இடைவெளி விடப்பட்டிருக்கும். ரேன்வியர் கணு என்பது அதுதான். துடிப்பு ஒவ்வோர் அணுவளவிலும் புதிதாகப் பிறக்காமல் கணுவுக்குக் கணு மட்டும் பிறக்கிறது. இதனால் நொடிக்கு 120 மீட்டர் வரை வேகம் கிடைக்கிறது.

நரம்பின் வேகத்தை முதலில் அளந்தவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1850இல், தவளையின் நரம்பில். அதை அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியர் யோஹன்னஸ் முல்லர் கருதியிருந்தார். கிடைத்த விடை நொடிக்கு முப்பது மீட்டர் அளவில். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

துடிப்பு ஏன் வந்த வழியே திரும்பிப் போவதில்லை?

இப்போதுதான் துடித்த இடத்தின் சோடியம் வாயில்கள் ஏறத்தாழ ஒரு மில்லிநொடிக்கு அடைபட்டிருக்கும். அதற்குள் துடிப்பு முன்னே போய்விடும்.

ஒரு நியூரானிலிருந்து அடுத்ததற்குச் செய்தி எப்படித் தாவுகிறது?

பெரும்பாலான இடங்களில் மின்சாரமாகத் தாவுவதில்லை. அங்கே மின்துடிப்பு முடிந்துபோகிறது. இரண்டு நியூரான்களுக்கு இடையே ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவில் ஓர் இடைவெளி. சினாப்ஸ் என்ற சந்திப்பு இதுதான். துடிப்பு ஆக்சானின் நுனியை அடைந்ததும் அங்குள்ள கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே வந்ததும், வேதிப்பொருள் நிரம்பிய நுண்பைகள் சவ்வோடு ஒட்டி உடைந்து, உள்ளிருப்பதை இடைவெளியில் கொட்டுகின்றன. ஒரு பையில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் இருக்கும். அவை எதிர்க்கரையிலுள்ள ஏற்பிகளில் போய் அமர்ந்ததும் அங்கே புதிய மின்மாற்றம் தொடங்குகிறது. இந்த முழுக் கடவையும் ஒரு மில்லிநொடிக்குள் அடங்கும்.

இதற்கு முதல் சான்று தந்தவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி. சோதனையின் வடிவம் அவருக்குக் கனவில் வந்தது. எழுந்து கிறுக்கிவைத்துவிட்டுத் தூங்கினார். காலையில் தம் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. மறுநாள் இரவு அதே கனவு வந்தபோது தாமதிக்காமல் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். துடித்துக்கொண்டிருக்கும் இரண்டு தவளை இதயங்கள். மூளையிலிருந்து முதல் இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் அந்த இதயம் மெதுவாகும். அது தெரிந்த செய்தி. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு எதையோ சுரக்கிறது என்பது உறுதியாயிற்று. 1921இல் அதை வெளியிட்டார். அந்தப் பொருள் அசிட்டைல்கோலைன். 1936இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு பெற்ற அவரை, 1938இல் நாஜிகள் சிறையிலடைத்து, பரிசுப் பணத்தைப் பறித்துக்கொண்டு நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள்.

எல்லா நியூரானும் அடுத்ததைத் தூண்டத்தான் செய்யுமா?

இல்லை, அடக்கும் நியூரான்களும் இருக்கின்றன. மூளையில் குளுட்டமேட் பெரும்பாலும் தூண்டுகிறது. காபா என்ற பொருள் பெரும்பாலும் அடக்குகிறது. ஒரு நியூரானின் மேல் ஆயிரக்கணக்கான சினாப்ஸ்கள் அமர்ந்திருக்கலாம். ‘துடி’, ‘துடிக்காதே’ என்று வரும் எல்லாச் செய்திகளின் கூட்டல் கழித்தல் மைனஸ் 55ஐத் தொடுகிறதா என்பதே அதன் முடிவு. அடக்குவது தளர்ந்து தூண்டுவது மேலோங்கும்போது கூட்டங்கூட்டமாக நியூரான்கள் ஒருசேரத் துடிப்பது வலிப்பு நோயில் நடப்பவற்றுள் ஒன்று.

பாம்பு கடித்தவருக்கு இமை ஏன் கீழே சரிகிறது?

நல்ல பாம்பு, கட்டுவிரியன் ஆகிய இரண்டின் நஞ்சும் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாக்குகிறது. ஆனால் இரண்டும் வெவ்வேறு கரைகளில் தாக்குகின்றன. நல்ல பாம்பின் நஞ்சு தசையின் பக்கமுள்ள ஏற்பிகளில் போய் அமர்ந்துகொள்கிறது. அசிட்டைல்கோலைன் வந்தாலும் அதற்கு இடமில்லை. கட்டுவிரியனின் நஞ்சில் நரம்பு நுனியையே சிதைக்கும் புரதங்கள் இருக்கின்றன. அனுப்ப வேண்டிய பொருளே தீர்ந்துபோகிறது. சிதைவு ஏற்பட்டபின் மாற்றுமருந்தால் அதைச் சரிசெய்ய முடியாது. நுனிகள் மறுபடி வளரும்வரை, சில நாட்களோ வாரங்களோ, நோயாளிக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படலாம். அதனால்தான் நேரம் முக்கியம்.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குபவரைக் கடிக்கும். வலி இருக்காது, பல் தடம்கூடத் தெரியாது. அதிகாலையில் வயிற்றுவலி, இமை சரிவு, பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை என்று தொடங்கினால் உடனே 108ஐ அழையுங்கள். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். இன்னொன்றை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல விரும்புகிறேன்: தசைகள் முழுவதும் செயலிழந்தவரின் மூளை விழித்திருக்கலாம். இதயம் தன் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்வதால் தொடர்ந்து இயங்கும். அசையவில்லை, கண் திறக்கவில்லை என்பதற்காக அவரை இறந்தவராக எண்ணிவிடாதீர்கள். அருகில் பேசுவது அவருக்குக் கேட்கலாம்.

மாற்றுமருந்துக்கான நஞ்சின் பெரும்பகுதி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. 1978இல் தொடங்கிய சங்கம் அது. பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, காட்டிலேயே திரும்ப விட்டுவிடுகிறார்கள். இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நரம்பணு பற்றிய பாடத்தில் இவர்களுடைய பெயரும் இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பூச்சிக்கொல்லி அடிப்பவர்களுக்கு வாயில் நீர் ஊறி, தசை துடிப்பது ஏன்?

இது பாம்புக்கடியின் மறுபக்கம். வேலை முடிந்த அசிட்டைல்கோலைனை உடனுக்குடன் உடைத்து அகற்ற ஒரு நொதி இருக்கிறது. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. செய்தி நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. எச்சில், கண்ணீர், வியர்வை பெருகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசைகள் துடித்துத் துடித்து ஓய்ந்துபோகும், மூச்சுத் திணறும். தோல் வழியாகவும் இது உடலுக்குள் போகும். மருந்து பட்ட சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அங்கே கொடுக்கும் அட்ரோபின், எச்சில் பெருக்கத்தையும் நுரையீரலில் சேரும் நீரையும் அடக்கி உயிரைக் காக்கிறது.

பல் பிடுங்குமுன் போடும் ஊசி என்ன செய்கிறது?

லிக்னோகைன் சோடியம் வாயில்களை அடைக்கிறது. பல்லைப் பிடுங்கும்போது வலியின் துடிப்பு பிறக்க வேண்டிய இடத்தில் பிறக்காது. பேத்தை மீனின் நஞ்சும் இதே வாயில்களைத்தான் அடைக்கிறது. ஆனால் அது உடல் முழுவதும் பரவி மூச்சை நிறுத்திவிடும்.

சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போகிறதே?

அழுத்தத்தால் நரம்புக்கு இரத்தம் குறைந்து துடிப்புகள் நின்றுபோகின்றன. எழுந்ததும் இரத்தம் திரும்ப, இழைகள் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்குகின்றன. எறும்பு ஊர்வதுபோல் தோன்றுவது அதனால். சில நிமிடங்களில் சரியாகிவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை.

‘நரம்புத் தளர்ச்சி’க்கு டானிக் குடிக்கலாமா?

கை நடுக்கம், களைப்பு, மனச்சோர்வு எல்லாவற்றையும் இந்த ஒரே பெயருக்குள் அடைத்து மருந்து விற்கிறார்கள். அந்தப் பெயரில் எதையும் வாங்கிக் குடிக்காதீர்கள். கை நடுக்கத்துக்குத் தைராய்டு காரணமாக இருக்கலாம், பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

உண்மையிலேயே நரம்பு கெடுவதை நாம் அதிகம் பார்ப்பது நீரிழிவில்தான். மிக நீளமான ஆக்சான்கள் முதலில் பாதிக்கப்படுவதால் உணர்வு குறைவது பாதத்தில் தொடங்கும். செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை என்று சொல்பவர்களைக் கவனியுங்கள். வைட்டமின் பி12 குறைந்தாலும் மயலின் கெடும். பால், முட்டை, இறைச்சி எதுவும் சேர்க்காதவர்களுக்கும், மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையை நீண்டகாலம் எடுத்துக்கொள்பவர்களுக்கும் அது குறைய வாய்ப்பு உண்டு; இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருத்துவர் இசைக்கவையை அதிரவைத்து உங்கள் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்து, ‘அதிர்வு தெரிகிறதா, நின்றதும் சொல்லுங்கள்’ என்பார். அந்த அதிர்வைச் சுமந்து வருபவை மயலின் தடித்த, நீளமான இழைகள். அவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதை உங்கள் பதிலிலிருந்து அவர் தெரிந்துகொள்கிறார்.